வெள்ளிக்கிழமை விழிக்கும் வண்டி

புவனேஸ்வரன் செத்த பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்து போகிறார் என்று மீனாட்சி அடித்துச் சொன்ன இடத்தில் போன வாரம் விட்டிருந்தேன். "அந்த அம்மாவை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்" என்று உங்களில் பாதிப் பேர் எழுதிவிட்டீர்கள். மீதிப் பேர், "வருவார், வருவார், எங்கள் வீட்டிலும் வந்தார்" என்கிறீர்கள். நான் யார் பக்கமும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீடு. அதில் இப்போது மீனாட்சியும் சின்ன மகள் ரூபினியும் மட்டும். மூத்தவன் சிவநேசன் கோலாலம்பூரில். நடுவில் ஒருத்தி இருந்தாள், சுபாஷினி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஹாரிஸைக் கட்டிக்கொண்டு போனவள். ஜெலுத்தோங்கிலிருந்து அது ஒன்றும் சீமை இல்லை. ஆனால் அவள் போன அன்று, "இனிமே இந்த வீட்டு வாசல்ல அவ காலு படக்கூடாது" என்று மீனாட்சி சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. புவனேஸ்வரனும் எடுக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரே பேச்சு மின்சாரக் கார்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலமெல்லாம் மெஷின் பார்த்தவர், ஓய்வு பெற்றதும் அந்தப் பழைய காரைக் கொடுத்துவிட்டு இதை வாங்கியே தீருவேன் என்று நின்றார். வாங்கினார். போர்ச் சுவரில் சார்ஜர் மாட்டினார். வந்தவன் போனவனுக்கெல்லாம் அதன் பெருமையைப் பாடினார். கொஞ்ச நாள்தான். ஒரு புதன்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

மீனாட்சிக்கு அந்த வண்டியை முதல் நாளே பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அதற்குச் சத்தம் இல்லை.

பழைய வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கடகடவென்று சொல்லிவிடும். அந்தச் சத்தத்துக்கு அடுப்பில் தேத்தண்ணியை ஏற்றினால், அவர் செருப்பைக் கழற்றும்போது கொதி வந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். புது வண்டி வந்த பிறகு அவர் எப்போது வருகிறார் என்றே தெரியவில்லை. திரும்பினால் பின்னால் நின்றுகொண்டிருப்பார். "பேய் மாதிரி வந்து நிக்கிறீங்களே!" என்று எத்தனை முறை கத்தியிருப்பாள்.

கோயிலில் பூசை போட்ட அன்றும் அப்படித்தான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் ஐயர். "ஸ்டார்ட் ஆகித்தான் இருக்கு சாமி" என்றார் புவனேஸ்வரன். ஐயர் நம்பாமல் பானெட்டில் காதை வைத்துப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். மீனாட்சி மட்டும் சிரிக்கவில்லை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று காதை வைத்துப் பார்க்கும்படியான வண்டியில் நான் ஏற மாட்டேன் என்று கிராப் வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு வந்தாள். கடைசிவரை ஏறவே இல்லை.

இப்போது சமையலறையில் நிற்கும்போதெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். சத்தமில்லாமல் வருகிற மனிதர் வரவில்லை என்று எதை வைத்து நம்புவது?

அதற்கேற்ற மாதிரி அந்த வண்டியும் நடந்துகொண்டது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். போர்ச்சில் சும்மா நின்ற வண்டியின் முன்விளக்கு இரண்டு முறை மின்னும். மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் காதை விரிப்பதுபோல் விரியும். புவனேஸ்வரன் போனைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனால் அது எப்படி விழித்துக்கொள்ளுமோ, அப்படியே. கொஞ்ச நேரம் கழித்து தானாகவே அணைந்துவிடும். சாமி மேடை முன்னால் தீக்குச்சியோடு நிற்கும் மீனாட்சியின் மேல் அந்த வெளிச்சம் வந்து விழும். பயம் இல்லை அவளுக்கு. அழுகைதான் வரும்.

இந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே சிவநேசன் போனில் வந்துவிட்டான்.

"ரூபி, சாயங்காலம் தயாளன் அங்கிள் அப்பா காடியப் பார்க்க வராரு. பிடிச்சிருந்தா இன்னிக்கே முடிச்சிரு. குடுக்கறதுக்கு முன்னாடி ரீசெட் பண்ணி, அப்பா போட்டு வெச்சது எல்லாத்தையும் அழிச்சிரு. கேக்குதா?"

"ஏன்ணே இவ்ளோ அவசரம்?"

"அவசரம் இல்லலா. சும்மா நிக்கிற காடிய வெச்சு என்ன பண்றது? அம்மாவும் பைத்தியம் மாதிரி பேசிக்கிட்டு இருக்காங்க."

ரூபினி தொழிற்சாலையில் எஞ்சினியர். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு மாலை ஷிப்ட், அதனால் அம்மா சொன்ன எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மீனாட்சி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டா உங்கப்பா எங்கடி வருவாரு?"

"அம்மா, அது சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு. அப்பா போன் சாமி மேடை டிராயர்ல ஆஃப் ஆகிக் கிடக்குது. சாவிக் கார்டு ரெண்டும் அதுகூடத்தான் இருக்கு. வேற எப்படி அது முழிக்கும் சொல்லுங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வேற எப்படி முழிக்கும்?"

படித்தவளின் கேள்வியும் படிக்காதவளின் கேள்வியும் ஒன்றாக இருந்துவிட்டால் சங்கடம்தான்.

"வித்துராதடி" என்றாள் மீனாட்சி. "வாரத்துல ஒரு தடவை. அந்த ஒரு வெளிச்சம். அதையும் எங்கிட்டேருந்து புடுங்காதீங்க."

ரூபினி அம்மாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் வரப்போகிறவரை வர வேண்டாம் என்று சொல்லி அண்ணனை மீறும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

தயாளன் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற வயிறு. காரை மாப்பிள்ளை பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்தார். மீனாட்சி கதவோரம் நின்றாள், வாங்க என்று சொல்லவில்லை.

"கே.எல். போய்ச் சேருமோ பிள்ளை?"

"தாராளமா போகும் அங்கிள். ஈப்போவுல ஒரு தடவை நிப்பாட்டி வேகமான சார்ஜர்ல போட்டீங்கன்னா, நீங்க ரொட்டி சானாய் சாப்பிட்டு, கோப்பி குடிச்சு, கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அதுவும் சாப்பிட்டு முடிச்சிருக்கும்."

"மழை தண்ணிக்குள்ள கரண்டு அடிக்காதோ?"

"அடிக்காது. மழையிலயே சார்ஜ் போடலாம். வெள்ளத்துல முழுக விட்டா மட்டும் ஓட்டக் கூடாது. எந்தக் காடியத்தான் முழுக விட்டு ஓட்டுவீங்க?"

"செலவு?"

"எஞ்சின் ஆயில் இல்ல, பெல்ட்டு இல்ல, சைலன்சர் இல்ல. டயரும் வைப்பர் தண்ணியும் பாத்துக்கிட்டா போதும். பிரேக்கூட சீக்கிரம் தேயாது. காலை எடுத்தாலே வேகம் குறையும், குறையற வேகம் மறுபடியும் கரண்டா பேட்டரிக்குள்ள போயிரும். பாலத்து மேல ஏறும்போது செலவு, இறங்கும்போது வரவு."

கடைசி வரி வாயிலிருந்து விழுந்ததும் ரூபினிக்குச் சிலிர்த்தது. அது அவள் வரி இல்லை. ரொட்டி சானாயும் அவளுடையது இல்லை. அப்பா இதே போர்ச்சில், இதே இடத்தில் நின்று, இதே மாதிரி கையை ஆட்டிச் சொன்னது. திரும்பிப் பார்த்தாள். மீனாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தயாளன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவர் காலுக்கு இடம் தாராளமாக இருந்தது. புவனேஸ்வரனும் நெட்டை. இருக்கையைப் பின்னால் தள்ளி, பாதி படுத்தபடிதான் ஓட்டுவார்.

"ஒரு சிக்கல் இருக்குது பிள்ளை. நான் இருக்கிறது கொண்டோ மாடிவீட்டில. அங்க சார்ஜர் இல்லை. வெளியில போய்ப் போட்டாச் சரிவருமோ?"

ரூபினி பொய் சொல்லத் தெரியாதவள்.

"அப்படின்னா நல்லா யோசிச்சுக்குங்க அங்கிள். வீட்டுல ராத்திரி மாட்டிட்டுத் தூங்கறவங்களுக்குத்தான் இது சொர்க்கம். வெளியில போடறதுன்னா சாதாரணமா ஒரு மணி நேரம் போயிரும். எண்ணெய் ஊத்தற மாதிரி உடனே வர முடியாது. காடிக்குள்ளயே உக்காந்துகிட்டு இருக்கணும். வீட்டுல சார்ஜர் வெச்சிருக்கறவன் எவனாச்சும் மெனக்கெட்டு டவுனுக்குப் போய் ஒரு மணி நேரம்..."

அங்கே அவள் பேச்சு நின்றுபோயிற்று.

மீனாட்சி படியிறங்கி வந்தாள். "உங்கப்பா போவாரே" என்றாள் மெதுவாக. "வெள்ளிக்கிழமை ஆனா போவாரே. 'டவுன்ல சார்ஜ் போட்டுட்டு வரேன்'னு."

வீட்டில் சார்ஜர் வைத்திருந்த மனிதர். வெளியே சார்ஜ் போடுவதைப் போல மடத்தனம் உண்டா என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர். வாரா வாரம் டவுனுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தக் கணவனாலும் கணக்குச் சொல்ல முடியாது. இந்த வண்டி அவருக்கு ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்காக?

தெருக்கோடி சூராவில், அந்தச் சின்னத் தொழுகைக் கூடத்தில், பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. மீனாட்சி இன்னும் விளக்கு வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டி விழித்தது.

முன்விளக்கு இரண்டு முறை மின்னியது. பக்கக் கண்ணாடிகள் விரிந்தன. அதோடு விடவில்லை. தயாளன் உட்கார்ந்திருந்த இருக்கை அவரையும் தூக்கிக்கொண்டு முன்னால் நகர ஆரம்பித்தது.

"பிள்ளை! இதென்ன பிள்ளை! நான் ஒண்டையும் தொடேல்லை!"

இருக்கை கேட்கவில்லை. அவர் முழங்கால் மேலே ஏறியது, வயிறு ஸ்டியரிங்கில் போய் முட்டியது. "முருகா! முருகா!" என்று அலறிக்கொண்டு, எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது, ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்தார். ரூபினி அதை எடுத்துக் கொடுத்தாள்.

"நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் தயாளன். கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த தன் பெட்ரோல் வண்டியில் ஏறி, நல்ல சத்தத்தோடு கிளம்பிப் போனார்.

அவர் இறங்கியதும் இருக்கை விட்ட இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் முன்னால் போய் நின்றது.

கார்டு இரண்டையும் தயாளனுக்குக் காட்ட ரூபினி தன் கையிலேயே வைத்திருந்தாள். ஓடிப்போய் டிராயரைத் திறந்து பார்த்தாள். அப்பா போன் ஆஃப்தான். திரும்பி வந்தபோது மீனாட்சி வண்டியின் திறந்த கதவோரம் குனிந்து நின்றிருந்தாள். ஏற மாட்டேன் என்றிருந்தவள், அந்த இருக்கையின் மேல் கையை வைத்திருந்தாள்.

"ரூபி, உங்கப்பா சீட்டு பின்னாடிதானே இருக்கும்?"

"ஆமாம்மா. அப்பா வந்தா அது பின்னாடிதான் போகணும்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. "இது அப்பா இல்லம்மா. வேற ஒருத்தருக்காக அப்பா செட் பண்ணி வெச்சது. அவங்க போனையும் சாவியா மாத்திக் குடுத்திருக்காரு. அந்தப் போன் கிட்ட வந்தா அவங்க சீட்டுக்கு மாறிடும். குள்ளமான ஆளு யாரோ. ஸ்டியரிங்க ஒட்டி உக்காரறவங்க."

மீனாட்சி நிமிர்ந்தாள்.

பழைய வண்டியில் புவனேஸ்வரன் பெண்ணுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த காலம் அவளுக்கு நினைவு வந்தது. "ஏன்டி, மூக்கு ஸ்டியரிங்ல இடிக்கப் போகுது, தள்ளி உக்காரு" என்று பின் சீட்டிலிருந்து கத்துவாள். "கால் எட்ட மாட்டேங்குதும்மா" என்று சிரிப்பாள் அந்தப் பெண். சின்னதும் பெரியதும் நெட்டையாகப் பிறந்த வீட்டில் அவள் ஒருத்திதான் தாயைக் கொண்டு பிறந்தாள்.

மீனாட்சி வெறும் காலோடு கேட்டுக்கு நடந்தாள்.

மதில் ஓரம், பக்கத்து வீட்டு மாமரத்தடியில், தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் போன். மீனாட்சியைப் பார்த்ததும் பதறித் திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"சுபா."

அந்த வீட்டில் யாரும் எடுக்காத பெயர். அவள் நின்றுவிட்டாள்.

"எத்தனை வாரமா இப்படி வந்து நிக்கிற?"

"அப்பா போனதிலேருந்தும்மா." திரும்பாமலே சொன்னாள். "கேட்டுக்கிட்ட வந்தா லைட்டு எரியும். அப்பா என்னைப் பாத்துட்டாருன்னு நெனச்சிக்குவேன். அதோட போயிடுவேன். உள்ள வரலம்மா, சத்தியமா வாசலை மிதிக்கல."

ஒரே வெளிச்சத்தை உள்ளேயிருந்து ஒருத்தியும் வெளியேயிருந்து ஒருத்தியும் பார்த்து, இருவரும் அவர்தான் என்று அழுதிருக்கிறார்கள். நடுவில் இருந்தது இந்தத் துருப்பிடித்த கேட்டு மட்டும்தான்.

"செத்த வீட்டுக்கு ஏன்டி வரல? பெத்த அப்பன்டி அவரு!" கோபமா அழுகையா என்று தெரியாத குரல்.

சுபாஷினி இப்போது திரும்பினாள். "எனக்கு யாரும்மா சொன்னா? வெள்ளிக்கிழமை சார்ஜர்கிட்ட போய் நின்னேன். எப்பவும் எனக்கு முன்னாடி வந்து நிக்கிற மனுஷன் அன்னிக்கு வரல. இருட்டற வரைக்கும் நின்னேன். அப்பறம் அண்ணனுக்குப் போன் அடிச்சேன். நேத்தே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னாரு. 'காரியத்துக்கும் வந்துராத, அம்மா சொல்லச் சொன்னாங்க'ன்னாரு."

"நான் சொல்லலையேடி." மீனாட்சி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ போன் அடிச்சதே எனக்குத் தெரியாதுடி."

ரூபினி போர்ச்சிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாத்தையும் அழிச்சிரு, கேக்குதா? அண்ணனின் அவசரத்துக்கு இப்போதுதான் அவளுக்குக் காரணம் கிடைத்தது. வண்டியில் அக்காவின் தடம் இருக்கும்வரை, அம்மா பெயரில் அவன் சொன்ன பொய் என்றைக்காவது வெளியே வந்துவிடும்.

மீனாட்சி கேட்டின் கொக்கியைத் தூக்கினாள். துருவில் சிக்கி முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை கேட்டை முழுசாகத் திறந்துவிட்டாள். மகளை வா என்று கூப்பிடவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே வண்டிக்குப் போனாள். மறுபக்கம் சுற்றிப் போய் முன்கதவைத் திறந்து, உயிரோடு இருந்த மனிதருக்காக ஒரு நாளும் ஏறாத வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டு."

"எங்கம்மா?"

"நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்த எடத்துக்கு. சார்ஜ் போடற எடத்துக்கு."

சுபாஷினி தன் இருக்கையில் ஏறினாள். ஸ்டியரிங்குக்கும் அவளுக்கும் சாண் இடைவெளிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "சார்ஜ் ஃபுல்லா இருக்கும்மா. போட வேண்டியதில்ல."

"இருந்தா இருக்கட்டும். உங்கப்பாவுக்கு மட்டும் இல்லாமயா இருந்துச்சு?"

அதற்குமேல் சுபாஷினியால் தாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மீனாட்சி அவள் முதுகில் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பெல்ட்டு எங்கடி இருக்கு இதுல?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

வண்டி போர்ச்சை விட்டு இறங்கியது. தெருமுனையில் திரும்பியது. வழக்கம்போல் ஒரு சத்தமும் இல்லை.

ரூபினி உள்ளே போய் அம்மா வைக்காமல் விட்ட விளக்கை ஏற்றினாள். தீக்குச்சியை அணைக்கும்போது போன் அடித்தது. அண்ணன்.

"என்ன ரூபி, தயாளன் அங்கிள் ஏதோ பயந்துபோய் உளர்றாரு? காடி என்னாச்சு?"

"போயிருச்சுண்ணே."

"போயிருச்சா? அவரு வாங்கலையே? யாரு எடுத்துட்டுப் போனது?"

ரூபினி காலியாகக் கிடந்த போர்ச்சைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள்.